கிணற்றுக்கட்டில் ஒரு சோடிச் செருப்பு

கிணற்றுக்கட்டில் ஒரு சோடிச் செருப்பு மட்டும் கிடக்கிறது. முந்தநாள் கிளினிக்கில் மாத ஊசிக்கு வராத தயாபரனைத் தேடிக் கண்டாவளைக்கு வந்த மனநல உத்தியோகத்தர் கௌசலா அதைக் காண்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடிப்போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். உச்சி வெயில் அடியில் ஒரு வட்டமாக அசையாமல் கிடக்கிறது; அதற்குள் அவளுடைய ஹெல்மெட் தலை மட்டும். "தண்ணி விடாயோ, மிஸ்?" வெறுங்காலோடு வரம்பால் வருகிறான் தயாபரன், தலைமயிரெல்லாம் வைக்கோல் தூசி. "ஊசி நாளண்டுதான் நெல்லு வெட்டுற மெசினும் வந்தது. விட்டால் பிறகு பிடிக்கேலாது. நாளைக்கு விடிய வந்து போடுறன்." மடியிலிருந்து, பொலித்தீனில் சுற்றிய கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டுகிறான். "ஓம், சரியான விடாய்," என்கிறாள் கௌசலா. அவன் அள்ளி ஊற்றும் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கிறாள். வேலிப் படலையடியில், அவளுடைய ஸ்கூட்டரில், நிறைந்த தண்ணீர்ப் போத்தல் தொங்குகிறது.