பச்சை ஐசிங்

தீபாவளி நெருக்கத்தில், இலங்கை மலையகத்தின் தலவாக்கலை பேக்கரியில் முனீராவுக்கு மூச்சுவிட நேரமில்லை. சீனி பிஸ்கட்டில் தேயிலைக் கொழுந்துக்கூடை, ரயில், தோட்டத் தொழிலாளர் வரிசையாய்க் குடியிருக்கும் லய வீடு என்று ஐசிங்கால் வரைந்து தள்ளினாள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்த கணேசமூர்த்தி லயம்தான் கேட்டார்.

"கதவு நீலம், வாசல்ல செவ்வந்தி. என் மகளுக்குத்தான், தங்கச்சி. பார்த்ததும் நம்ம வீடுன்னு தெரியணும்."

அப்படியே வரைந்தாள். அழகாக இருக்கட்டுமென்று லயத்துக்குப் பின்னால் பச்சை ஐசிங்கில் ஒரு மலையையும் எழுப்பினாள்.

அவர் முகம் கறுத்தது. "மலைய எடுத்துருங்க."

"மலை இல்லாம என்னண்ணே மலையகம்?" முனீரா சிரித்தாள். "புள்ளைக்குப் பிடிக்கும்."

"பயந்துருவா."

"மலையப் பார்த்தா?"

"போன வருச மழையில அதுதாங்க சரிஞ்சு வந்து லயத்த மூடிருச்சு. நான் காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போயிருந்தேன். அவ உள்ள தூங்கிக்கிட்டு இருந்தா. நாளைக்குப் படையல்ல வைக்கணும்."

முனீரா கத்தியை எடுத்தாள். பச்சையில் ஒரு துணுக்குகூட லயத்தின் மேல் விழுந்துவிடாதபடி, இடது கையால் அணை கொடுத்துக்கொண்டு, மலையைச் சுரண்டி எடுத்தாள்.