பனிமனுஷியின் வாழ்த்து அட்டை

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத் துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன. ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயிலில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் மின்ன, நாத்தனாரின் முகத்தைக் காதோரம்கூடப் பிசகாமல் வெட்டி எடுக்கிறாள் இவள். தேடிப் பிடித்த படம்; தும்மப் போகிற நொடியில் எடுத்தது. போன கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை செய்தது நாத்தனார்தான். எட்டு மாத வயிற்றோடு நின்ற இவளைப் பனிமனிதனாக்கி, மூக்கில் கேரட் செருகி, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தாள். சித்தப்பாக்கள் இன்றைக்கும் இவளைப் பனிமனுஷி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம் அட்டை செய்யும் முறை இவளுக்கு வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் கலைமானை வரைந்து முடித்தாயிற்று. அதன் கழுத்தில் பசை தடவி, முகத்தை ஒட்டி, கட்டைவிரலால் தேவைக்குச் சற்று அதிகமாகவே அழுத்துகிறாள். தொட்டிலில் குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டுகிறது. தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்க்கும் கணவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"ஐயோ, எங்க அக்கா பாத்தா ஆடித் தீத்துடுவாங்க!"

"ஆடட்டும். நான் ஒரு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலையா?"

"சரி, நான் எங்க? வண்டியில உக்காந்திருக்கிற தாத்தாவா?"

"தாத்தா உங்க புள்ளை."

அவனுடைய கல்யாணப் படத்தை எடுத்து, கழுத்தருகே கத்தரிக்கோலை வைக்கிறாள்.

"போன வருஷ அட்டையைப் பாத்துட்டும் இப்படியேதான் சிரிச்சீங்க. இந்த வண்டிக்கு ரெண்டு மான் வேணும்ங்க."