மூன்றாவது சென்ட்

காய்ச்சலில் வாசனையே தெரியாமல் போய் மூன்று மாதம் ஆகியும், சென்ட் கடையின் விற்பனைப் பெண் யாரிடமும் மூச்சு விடவில்லை. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வாங்க வருபவர்களின் முகம் மலர்வதைப் பார்த்தே விற்றுக்கொண்டிருந்தாள்.

அன்று கடைக்கு வந்த ஒரு அம்மாவின் முகம் மட்டும் அசையவே இல்லை.

“குளிருக்கு லேசான சென்ட் எடுபடாதும்மா. இந்தச் சந்தனம் ஸ்வெட்டர்ல நாள் முழுக்க நிக்கும்.”

“மீன் வெட்டுற கை இது. நாளைக்குப் பொண்ணு காலேஜ்ல விழா. போன தடவை தள்ளியே உக்காந்தா. கேட்டா ஒண்ணுமில்லேங்கிறா.”

அடுத்து மல்லிகை. அதற்கும் அசைவில்லை. மூன்றாவது பாட்டிலை நீட்டும்போது விற்பனைப் பெண் சும்மா சிரித்து வைத்தாள்.

“இதையே குடும்மா.”

“பிடிச்சிருக்கா?”

“எனக்கு ரெண்டு வருஷமா மூக்கே வேலை செய்யல. உன் முகத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.”

விற்பனைப் பெண்ணின் கை பாட்டில் மேலேயே நின்றது. பேசாமல் கட்டிக் கொடுத்துவிடலாம். அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

“சூப்பர்வைசர் அக்கா, கொஞ்சம் வாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மூக்கு வேணும்.”