சுருங்கக் கூடாத கண்

மருந்து வேலை செய்யக் கூடாது என்று கிளமென்ட் வேண்டிக்கொண்டிருந்தான்.

கட்டிலில் அவன் மனைவி பேட்ரிசியா மல்லாந்து படுத்திருந்தாள். அவளுடைய வலது கண்மணி மட்டும் நாவற்பழம் போல விரிந்து கிடந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு, பாலக்கரையில், ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் விழுந்திருக்கிறாள். டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்ததாம். கண்டக்டர்தான் ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். வேறு எதைக் கேட்டாலும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்மணி வெளிச்சத்துக்கு அசையவே இல்லை.

மண்டைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வீங்கி, கண்ணுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்று நினைப்பதாகச் சொன்னார். எந்த நிமிடமும் வெடிக்கலாம். உள்ளே பார்க்கிற வசதி மெட்ராஸில்தான். ஆம்புலன்ஸில் எட்டு மணி நேரம்.

"உயிரோட மெட்ராஸ் போய்ச் சேர்ந்துடுவாளா டாக்டர்?" என்று கிளமென்ட் கேட்டான்.

அவர் கேஸ் சீட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.

நாலு மாதத்துக்கு முன்புதான் ஆறு வயது மகன் சவரியைப் பறிகொடுத்திருந்தார்கள். இவளும் போய்விட்டால் யாருக்காக வீட்டுக்குத் திரும்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கண் டாக்டர் கியாசுதீன் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். பேட்ரிசியாவின் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார்.

"அரை மணி நேரம் பொறுங்க தம்பி. மூளையிலேருந்து வர்ற நரம்பு நசுங்கியிருந்தாலும் கண்ணுல இருக்கிற தசை நல்லாத்தான் இருக்கும். இந்தச் சொட்டு நேரா தசைக்கே போகும், கண்மணி சுருங்கிடும். சுருங்கினா மெட்ராஸுதான், வேற வழியில்லை. சுருங்கலைன்னா, வேற ஏதோ மருந்து கண்ணுல பட்டு அந்தத் தசையைப் பூட்டி வச்சிருக்குன்னு அர்த்தம். உயிருக்கு ஒண்ணும் இல்லை."

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் இஞ்சினை அணைக்கவில்லை.

கிளமென்ட் குனிந்து அந்தக் கண்ணையே பார்த்தான். இந்த அரை மணி நேரத்துக்குள் அது வெடித்துவிட்டால்? காக்க வைத்ததே தப்பாகிவிட்டால்?

இருபது நிமிடத்தில் இடது கண்மணி கடுகளவாகச் சுருங்கியது. மருந்து நல்ல மருந்துதான். 

மாதாவே, வலது கண்ணில் மட்டும் இது பலிக்கக் கூடாது. ஊரெல்லாம் மருந்து பலிக்கட்டும், இங்கே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருமுறை அந்தக் கண்மணி லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

கியாசுதீன் மறுபடி டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

வலது கண் விரிந்தபடியே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர். "பத்து நாள்ல தானா சரியாயிடும் தம்பி. வீட்டுல யாருக்காவது கண்ணுக்குச் சொட்டு விடுறீங்களா?"

"இல்லீங்க."

அது உண்மைதான். இப்போது யாருக்கும் இல்லை.

டாக்டர் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்ப வெளியே போனார். கிளமென்ட் அப்படியே நின்றான். சவரிக்கு விட்ட சொட்டு மருந்து பாட்டில் இன்னும் வீட்டில் இருப்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

சவரிக்கு இடது கண் மந்தம். நல்ல கண்ணை மங்கலாக்கி வைத்தால் மந்தமான கண் உழைக்கப் பழகிவிடும் என்று, வலது கண்ணுக்குத் தினம் காலையில் ஒரு சொட்டு. அதை விடுவது பேட்ரிசியாவின் வேலை.

அன்றைக்கு அவள் காலைப் பூசைக்குப் போயிருந்தாள். சொட்டு விட்டது கிளமென்ட். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்துவிட்டதோ என்று இன்னொன்றும் விட்டான். அடுத்த அரை மணி நேரத்தில், பாலக்கரையில், பஸ் வருவதைப் பார்க்காமல் பிள்ளை ரோட்டில் இறங்கிவிட்டான்.

நாலு மாதமாக கிளமென்ட் தூங்கவில்லை. என்னாலதான், என்னாலதான் என்று சுவரைப் பார்த்துப் புலம்புவதை அவள் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள்.

"எதுக்கு பேட்ரி இப்படிப் பண்ணே?"

அவள் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சுங்க. அந்தச் சொட்டை வலது கண்ணுல விட்டு, இடது கண்ணைப் பொத்திக்கிட்டு நடந்தேன்."

அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அந்த அரை மணி நேரத்தைவிட இது நீளமாக இருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றாள் பேட்ரிசியா. "பஸ்ஸு தூரத்துல வரும்போதே தெரிஞ்சுதுங்க."

ரோட்டில் விழுந்ததற்கு அவள் முழங்கையில் போட்டிருந்த கட்டைக் கிளமென்ட் பார்த்தான். பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழத்தை நினைத்தான்.

பிறகு, சரி என்று தலையாட்டினான்.