பென்சில் முட்டிய இடம்

படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆறடிப் பலகை போட்டு, அதில் ஒரு துறைமுகத்தையே அடக்கிவிடுவதென்று ஓய்வுபெற்ற மறுவாரமே கஸ்பார் ஒற்றைக்காலில் நின்றார். பொம்மை ரயில் வாங்குவதற்கு முன்னால் பென்சிலால் தண்டவாளம் வரைந்தார். கப்பல் நிற்கும் தளம், உரக் கிடங்கு, கிரேன், எடை மேடை என்று கோடு தானாகப் போனது. முப்பத்தோரு வருடம் துறைமுகத்துக்குள்ளேயே சரக்கு எஞ்சின் ஓட்டியவர் அல்லவா. காப்பி கொண்டுவந்த மனைவி பிலோமினா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “எல்லாம் சரிதாங்க. ரயிலு வெளிய போற வழி எங்க?” அப்போதுதான் கஸ்பாரும் கவனித்தார். எல்லாக் கோடும் பலகைக்குள்ளேயே சுற்றிவந்து முட்டி நின்றது. துறைமுக கேட் வரைக்கும்தான் அவருடைய எஞ்சின். அங்கே சரக்குப் பெட்டிகளின் கொக்கியைக் கழற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்கப்பால் வேறு எஞ்சின், வேறு ஆள். அந்தத் தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறதென்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவசரமாக ஒரு கோட்டை இழுத்தார். பென்சில் பலகையைத் தாண்டிச் சுவரில் முட்டியது. “செவுத்துல ஒரு ஓட்டை போட்டா வெளிய போயிரும்” என்றார். “போட்டா அடுப்படிதான வரும்” என்றாள் பிலோமினா. “அங்கேருந்து வெளிய போற வழி தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.” அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கஸ்பார் பென்சிலைச் சுவரிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.