முதல் ஜோடி கிளிட்

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அவர் குனிந்து உள்ளே வந்தார்.

ஒரு கையில் சைக்கிள். இன்னொரு கையில் டப்பாவோடு புது ஷூ. முகத்தில் பரீட்சை எழுத வந்தவரின் கலக்கம்.

"இதுக்கு கிளிட் மாட்டணும் சார். பெடலும் வேணும். இதுக்கு முன்னாடி போட்டதில்ல" என்றார்.

சனிக்கிழமை. காலையிலிருந்து நின்று நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடை மூடியாச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டேன்.

இந்தச் சாமானுக்கு கிளிப்லெஸ், அதாவது கிளிப் இல்லாதது, என்று பெயர். ஆனால் கிளிப்பைவிட மோசமாகக் கவ்வும். பெயர் வைத்த மகராசன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன்.

ஷூவின் அடியில் மாட்டுகிற சின்னத் துண்டுதான் கிளிட். பெடலில் வைத்து மிதித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும். அவ்வளவுதான் வித்தை. சிக்னலில் நிற்கும்போது திருப்ப மறந்தால், சைக்கிளோடு சேர்ந்து அப்படியே சாய வேண்டியதுதான்.

அவர் கண்ணாடி அலமாரியில் இருந்த பந்தயப் பெடலைக் காட்டினார். அதற்கான கிளிட் பெரிசு, அடியில் துருத்திக்கொண்டிருக்கும்.

"அதைப் போட்டுட்டு இறங்கினா வாத்து மாதிரி நடப்பீங்க. புதுசா கத்துக்கறவருக்கு அது எதுக்கு?" என்றேன். கடுப்பாகத்தான் வந்தது.

ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல வேளை, ரெண்டு திருகு ரகம். கிளிட் அடிப்பாகத்துக்குள் அடங்கிவிடும், தாராளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் பூட்டுகிற பெடலாக எடுத்தேன், குனிந்து பார்த்துத் தடுமாற வேண்டாம். கிளிட்டும், காலை எப்படி முறுக்கினாலும் விட்டுவிடுகிற ஜாதியாகப் பார்த்து எடுத்தேன்.

அவர் பாதத்தைக் கையில் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு எங்கே முட்டுகிறது என்று தடவிப் பார்த்தேன். அதற்குச் சற்றுப் பின்னால் கிளிட் உட்கார வேண்டும். முன்னால் தள்ளிவிட்டால் கெண்டைக்கால் கதறும்.

யார் யார் காலையெல்லாமோ பிடிக்க வேண்டியிருக்கிறது இந்தத் தொழிலில்.

நகத்தை ஒழுங்காக வெட்டியிருந்தார். அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெடலில் சின்னத் திருகு ஒன்று உண்டு. தளர்த்தினால் கால் லேசாகக் கழன்று வரும். இறுக்கினால் லேசில் வராது. புது ஆளுக்கு நன்றாகத் தளர்த்தித்தான் கொடுக்க வேண்டும்.

அந்தத் திருகில் ஆலன் கீயைப் போட்டேன். இறுக்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. முதல் சிக்னலிலேயே ஆள் தரையில் கிடப்பார். அலுப்பில் மனிதனுக்கு என்னென்னவோ தோன்றும்.

தளர்த்தினேன்.

கிளிட்டை ஷூவில் முடுக்கி, பெடலை அவர் சைக்கிளில் மாட்டி, சுவரோரம் நிறுத்தி ஏறச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டினார், கழற்றினார். மறுபடி மாட்டினார், கழற்றினார். அதற்கே சட்டை நனைந்துவிட்டது.

"வீட்டுல சின்னவ ஒருத்தி இருக்கா. அவளுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு" என்றார், ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குக் காலையில முதல் தடவையா என்னையும் கூட வரச் சொல்லியிருக்கா. அவ முன்னாடி விழுந்துடக் கூடாது. சிரிச்சிடுவா."

"சிரிக்க மாட்டா" என்றேன். "சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்து தூக்குவா. அப்புறம் அன்னிக்கு ராத்திரி பூரா தூங்க மாட்டா. அதனால விழாதீங்க."

சொல்லியிருக்கக் கூடாது.

அவர் யாரென்று, ஷட்டருக்குள் குனிந்தபோதே எனக்குத் தெரியும். நான் யாரென்று அவருக்கும் தெரியும். என் மகளும் அவள் அம்மாவும் இந்த வருஷத்திலிருந்து இவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"வேற கடைக்குப் போகலாம்னுதான் இருந்தேன். அவதான் விடல" என்றார். "எங்க அப்பா மாட்டிக் கொடுத்தா விழ மாட்டீங்கன்னு சொல்லிட்டா."

பெருமையா, பொறாமையா, என்ன சனியனோ, பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் எனக்குத் தெம்பில்லை.

"நிக்கறதுக்கு முன்னாடியே காலைக் கழட்டிடுங்க. நின்னப்புறம் யோசிச்சா முடியாது" என்றேன். "அவ திரும்பும்போது கை காட்ட மாட்டா. எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா. கொஞ்சம் தள்ளியே பின்னாடி போங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

"நீங்களும் வாங்களேன் சார். அவளுக்கு ஆசைதான். உங்ககிட்ட கேக்கத்தான் தயங்கறா."

"நாளைக்கு எனக்குக் கடை இருக்கே" என்றேன்.

ஞாயிறு விடுமுறை என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகை அவர் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி சார். நீங்க கடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனார்.