ஃபேனுக்கு மைக் கிடைத்தது

பட்டனை அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் வரும். திரை தெளிவதற்குள் பொசுக்கென்று அணைந்துவிடும். ஏன் இப்படி என்று விசாரிக்க உள்ளே ஒரு கூட்டம் போட்டார்கள். தலைமை, பிராசசர். வரவேற்புரை, மதர்போர்டு.

"வேகத்தின் சிகரமே, எங்கள் மூளையே, தலைவர் அவர்களே..."

"ஐயா, காரணம் எனக்குத் தெரியும்," என்று எழுந்தது ஃபேன். தூசி அடைத்து அது சுற்றியே பல மாதம் ஆகியிருந்தது.

"உனக்கு நன்றியுரைதான். உட்காருப்பா," என்றது மதர்போர்டு.

புகழ் நீள நீள பிராசசருக்குச் சூடு ஏறியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

மறுபடி யாரோ பட்டனை அழுத்தினார்கள். பாதியில் நின்ற கூட்டத்தை முதலிலிருந்து தொடங்குவதுதான் மரபு. மறுபடி வரவேற்புரை, மறுபடி இருட்டு.

கடைசியில் பிராசசருக்கே பொறுக்கவில்லை. "உடம்பு கொதிக்குதுய்யா! வரவேற்பெல்லாம் வேண்டாம். முதல்ல அந்த ஃபேனைப் பேச விடுங்க!"

ஃபேன் மைக்கைப் பிடித்தது. தொண்டையைச் செருமியது.

"வேகத்தின் சிகரமே, எங்கள் மூளையே, தலைவர் அவர்களே! வரவேற்புத் திலகம் மதர்போர்டு அவர்களே! மின்சாரம் வழங்கும் வள்ளல் பவர் சப்ளை அண்ணன் அவர்களே! எதிரே திரளாக அமர்ந்திருக்கும் ஒயர்களே..."

ஒயர்களை அது பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியபோது கம்ப்யூட்டர் அணைந்தது. தூசி விஷயத்துக்கு அது இன்னும் வரவே இல்லை.